ஏற்காட்டில் ஆறாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி?

ஏற்காடு மலை அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். இரண்டு அரசு நடுநிலைப் பள்ளிகளை விசாரித்தேன். ஒன்று காப்பித் தோட்டம் வழியாக நடக்கிற தூரம். ஆனால் ஆறும் ஏழும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். இன்னொன்றில் கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனி ஆசிரியர்கள், ஆனால் பேருந்தில்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது, அதுதான் பயம். கட்டடம் பழசானாலும் பரவாயில்லை. எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு எங்கே அக்கறையாகத் தயார் செய்கிறார்கள்? உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், எங்களுக்கு அது பெரிய உதவி. அப்புறம், பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? இந்தப் பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.