பெரியப்பா ஸ்டூடியோ லென்சு, நிக்கான் பாடி: தூரத்துல ஃபோகஸ் விழ மாட்டேங்கே?

பாளை_பையன்:

அண்ணாச்சிமாரே வணக்கம். எங்க பெரியப்பா பாளையங்கோட்டைல ஸ்டூடியோ வச்சிருந்தாவ, கடைய ஒழிக்கும்போது ஒரு தகரப்பெட்டிய எடுத்து நீதான் கேமரா கேமரான்னு அலையுதியே வச்சுக்கோன்னு தந்துட்டாவ. தொறந்தா மூணு லென்சு. ரஷ்யா ஹீலியோஸ் 44-2 (58 எம்எம், எஃப்2), சூப்பர் டகுமார் 50 எஃப்1.4, நிக்கான் கம்பெனியோட நிக்கார் 105 எஃப்2.5. எங்கிட்ட இருக்கது நிக்கான் டி5600. மொத ரெண்டும் எம்42ன்னு சொல்ற மரை வச்சது, அதனால எம்42ல இருந்து நிக்கானுக்கு மாத்துற வளையம் ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனேன். ஹீலியோஸ்ல வீட்டுப் பாப்பாவ எடுத்தா சும்மா அள்ளுது, பின்னால வேப்பமரத்து எல வழியா வர்ற வெளிச்சமெல்லாம் சுழிச்சு சுழிச்சு விழுது. ஆனா பாபநாசம் போயி மலைய எடுத்தா ரிங்க கடைசி வரை திருப்புனாலும் கொழகொழன்னுதான் இருக்கு. லென்சு போச்சா, வளையம் டூப்ளிகேட்டா? 105அ இன்னும் மாட்டவே இல்ல, பாடிக்கு எதும் ஆயிருமோன்னு பயமா கெடக்கு. ஆனித் தேருக்கு இதுகள வச்சு எடுக்கணும்னு ஆச.

அம்பை_கேமரா:

லென்சும் போகல, வளையமும் டூப்ளிகேட் இல்ல தம்பி, கணக்குதான் இடிக்கு. லென்சு மாட்டுற வாய்ல இருந்து உள்ள சென்சார் வரைக்கும் ஒரு தூரம் உண்டு, அந்தக் காலத்துல ஃபிலிம் இருந்த எடம். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். எம்42க்கு 45.46 மில்லிமீட்டர், ஒன் நிக்கானோட எஃப் மவுண்டுக்கு (லென்சு மாட்டுற வாய்க்கு) 46.5. அப்போ நிக்கான்ல மாட்டுன ஒடனேயே லென்சு இருக்க வேண்டிய எடத்துக்கு ஒரு மில்லி சொச்சம் முன்னால தள்ளி நிக்கு, வளையத்தோட கனம் வேற மேல சேரும். ஒரு மில்லிதானன்னு நெனைக்காத, 58 எம்எம் லென்சுல அந்த ஒரு மில்லி முன்னால போனாலே மூணு மீட்டர் சொச்சத்துக்கு அங்கிட்டு எதுவும் ஷார்ப்பா விழாது. பாப்பா ரெண்டு மீட்டர்ல இருந்தா, அதான் விழுந்துருக்கா. பொதிகை மலை அம்புட்டுக் கிட்டயா வரும்?

கேனானோட ஈஎஃப் மவுண்டுக்கு 44 மில்லிதான், அதனால பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கவங்க ஒன்றரை மில்லி வளையத்த மாட்டிட்டு ஜாலியா எடுக்காவ. நிக்கான்காரனுக்கு இந்தத் தலையெழுத்து.

உள்ள சின்ன லென்சுக் கண்ணாடி வச்ச வளையமும் கெடைக்கும், அத மாட்டுனா மலைக்கும் ஃபோகஸ் விழும்.

தென்காசி_சாரல்:

அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி, ஆனா கண்ணாடி வளையத்துக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அது படத்தப் பெருசாக்குற சின்ன டெலி கன்வர்ட்டர் மாதிரி வேல செய்யும், ஃபிரேம் கொஞ்சம் இறுகும், ரூவாய்க்கு ஏத்த கண்ணாடி வேற, எஃப்2ல, அதாவது வெளிச்சம் போற ஓட்டய முழுசா தொறந்து எடுத்தா படம் முழுக்க பால் ஊத்துன மாதிரி ஆயிரும். ஹீலியோஸ்ல இருக்க அழகே தொறந்து எடுக்கதுதான், அத மூடிட்டு எடுக்கதுக்கு எதுக்கு இந்த வேல.

கையில காசு இருந்தா பழைய மிரர்லெஸ் பாடி ஒண்ணு பாருங்க. டிஎஸ்எல்ஆர்ல சென்சாருக்கு முன்னால இருக்க மொகம் பாக்குற கண்ணாடி (மிரர்) பொட்டி இதுல இல்லாததுனால தூரம் ரொம்பக் கம்மி. சோனி இ மவுண்ட் 18 மில்லி, நிக்கான் இசட் 16, ஃபுஜி எக்ஸ் 17.7. எம்42க்கும் சோனிக்கும் நடுவுல 27 மில்லிக்கு மேல காலி எடம் இருக்கு, அதுல வெறும் கொழாய வச்சா போதும், உள்ள கண்ணாடியே வேண்டாம், மலையும் விழும் நிலாவும் விழும். மாட்டுன ஒடனே ஷட்டர் அடிக்க மாட்டேங்குதுன்னு பதறாதீங்க, மெனுவுல லென்சு இல்லாம அடிக்க அனுமதின்னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணணும். ஃபோகஸ் விழுந்த எடத்துல கலர் கோடு காட்டுற பீக்கிங்கும் இருக்கு, ஆனா எஃப்1.4ல அத முழுசா நம்பக் கூடாது, பெருசாக்கிப் பாத்துத்தான் அடிக்கணும்.

டவுன்_ரதவீதி:

எல்லாரும் வளையத்தப் பத்தியே பேசுதீங்க, மொத லென்சுக்குள்ள ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கான்னு பாத்தானான்னு யாரும் கேக்கல. பல வருசமா தகரப்பெட்டிக்குள்ள கெடந்த லென்சு. ராத்திரி லைட்ட அணைச்சிட்டு, அந்த ஓட்டய, அதான் அப்பர்ச்சர, முழுசா தொறந்து, பின்பக்கமா டார்ச் அடிச்சு முன்னால இருந்து சாய்ச்சுப் பாரு. சிலந்தி நூலு மாதிரி ஓடியிருந்தா ஃபங்கஸ், மொத்தமா பொகை மாதிரி இருந்தா ஹேஸ். அப்பர்ச்சர் பிளேடுல எண்ணெய் மின்னுதான்னும் பாத்துக்கோ. சுத்தமா இருந்தா மூடி இறுக்கமா இருக்க பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல்லோட வையி. அரிசிக்குள்ள பொதைக்கச் சொல்லுவாவ, அந்தத் தவிட்டுத் தூசி ஃபோகஸ் ரிங்குக்குள்ள போனா ஆயுசுக்கும் நறநறன்னு கெடக்கும்.

அந்த 50 எஃப்1.4 டகுமார வெள்ளப் பேப்பர் மேல வச்சுப் பாரு, டீ கலர்ல தெரிஞ்சா அது தோரியம் கலந்த கண்ணாடி, லேசா கதிர்வீச்சு உண்டு. நம்ம மணவாளக்குறிச்சி கடக்கர மண்ணுல கெடக்க அதே தோரியம்தான். மாட்டிப் படம் எடுக்கதுல பயப்பட ஒண்ணுமில்ல, கழத்தித் தேய்க்காத. மஞ்ச போகணும்னா வெயில்ல வைன்னு வெளிநாட்டுக்காரன் சொல்லுவான், நம்மூர் வெயில்ல வச்சா கிரீஸ் உருகி பிளேடுல எறங்கும், அதுபோக லென்சு வழியா வெயில் குவிஞ்சா துணியே பத்திக்கிடும். யூவி லைட்டு வாங்கி அதுக்கு அடியில லென்ச வச்சா சில வாரத்துல வெளுத்துரும்.

பாளை_பையன்:

டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். டகுமார் நல்ல டீ கலர்தான், நூலு ஒண்ணுமில்ல. ஹீலியோஸ்ல ஓரத்துல நகக்கண் அளவுக்கு நூலு ஓடியிருக்கு, நடுவுல இல்ல. 105 கண்ணாடி மாதிரி கெடக்கு. அத மாட்டலாமா அண்ணாச்சி?

அம்பை_கேமரா:

ஓரத்துல உள்ளது படத்துல தெரியாது, ஆனா தனி டப்பால வையி, மத்ததோட சேக்காத, தொறக்கத் தெரிஞ்ச ஆளு கெடைச்சா தொடைச்சிரலாம்.

105ல அப்பர்ச்சர் நம்பர் ரெண்டு வரிசையா, பெருசு ஒண்ணு பொடிசு ஒண்ணு இருக்கா பாரு. இருந்தா அது 1977ல வந்த நிக்கானோட ஏஐ முறை (லென்சோட அப்பர்ச்சர பாடிக்குத் தெரிவிக்கிற முறை), வளையமே வேண்டாம், கண்ண மூடிட்டு மாட்டு, மலையும் விழும். ஒத்த வரிசையா இருந்தா மாட்டாம இங்க போட்டோ போடு.

டி5600ல இந்த லென்சுக்கு வெளிச்சம் அளக்குற மீட்டர் வேல செய்யாது, எல்லாத்தையும் நாமளே வைக்கிற எம் மோடுலதான் ஷட்டரே அடிக்கும். ஆனா வியூஃபைண்டர்ல பச்சப் புள்ளி எரியும், ஃபோகஸ் விழுந்துட்டுன்னு அர்த்தம். தேரன்னைக்கி நல்ல வெயிலுன்னா ஐஎஸ்ஓ 100, எஃப்5.6, 1/1000ல ஆரம்பி, படத்தோட வெளிச்சத்தக் காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடத்தப் பாத்து ஏத்தி எறக்கு. ஒன் கேமராவுல உள்ள சின்ன (கிராப்) சென்சார்ல 105ங்கது 157 மாதிரி நிக்கும், அதனால வடம் பிடிக்க மொகத்துக்குத்தான் சரி, முழுத் தேரும் அதுல அடங்காது, கேமராவோட வந்த கிட் லென்சையும் பைல போட்டுக்கோ.

பாளை_பையன்:

ரெண்டு வரிசை இருக்கு அண்ணாச்சி, மாட்டிட்டேன், பச்சப் புள்ளி எரியுது. மொட்ட மாடில இருந்து எதுத்த தெரு தண்ணித் தொட்டி வரைக்கும் கத்தி மாதிரி விழுது.