போதுமான பணம் சேர்ந்த பிறகும் ஏன் வேலைக்குப் போகிறேன்

காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். என் சம்பளம் இல்லாமலே குடும்பம் நடக்கும் என்ற நிலைக்கு நாங்கள் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. "அப்புறம் எதுக்கு ஆச்சி தினமும் பஸ் ஏறுறீங்க?" என்று பள்ளத்தூரில் தெருவே கேட்கிறது. இதே இலக்கை வைத்துச் சேமிக்கிறவர்களுக்கு உதவும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். வீடும் முற்றமும் ஒன்றுதான். ஆனால் புதுப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான புது ஜோடிக்கு, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெரியவர்கள் ஒதுக்குவார்கள், அதற்குள் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் காலத்தில் அந்த ஒதுக்கீடு பெயருக்குத்தான். ஆனாலும் மாமியார் ஒரு நீள நோட்டைக் கொடுத்து, "உப்பு வாங்குனாலும் எழுதிரு" என்றார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை விடவில்லை. எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்வி வந்தபோது எனக்கு யூகமே தேவைப்படவில்லை, பதில் நோட்டில் இருந்தது.

வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்று பலரும் சொல்லும் கணக்கு 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகரின் ஆய்விலிருந்து வந்தது. முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 வருஷம் தாங்கும் என்பது அவர் கணக்கு. அது அந்த ஊர்ச் சந்தையை வைத்துப் போட்டது. நம் விலைவாசி ஏறுகிற வேகத்துக்கு நான் 3 சதவீதம்தான் வைத்துக்கொண்டேன், அதாவது வருஷச் செலவைப் போல 33 மடங்கு. வீட்டுக்காரர் சம்பளமும் சேர்ந்தும் பிபிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட், கொஞ்சம் வைப்புநிதி என்று மெதுவாகத்தான் சேர்ந்தது. அதில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

சேர்ந்த பிறகு நடந்ததுதான் சொல்ல வேண்டியது. வேலையில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஜூலை மாதம் ராத்திரி பத்து மணிவரை வருமான வரி ரிட்டர்ன் போடுவதும், 20-ம் தேதி நெருங்கும்போது ஜிஎஸ்டி பில்லுக்காக ஒவ்வொருவரையும் போனில் துரத்துவதும் எனக்கு ஆகாது. ஆனால் பை நிறையக் கசங்கிய பில்லைக் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அதை வகை பிரித்து, இரண்டு பக்கமும் ஒத்துவரச் செய்து, "உங்க தொழில் இப்படித்தான் போயிக்கிட்டு இருக்கு" என்று காட்டுவது எனக்கு உயிர். சாரிடம் நேராகச் சொன்னேன்: "வாரம் மூணு நாள் வர்றேன் சார். சின்னப் பட்டறைக் கணக்கெல்லாம் எனக்குக் குடுங்க. சம்பளத்தைக் குறைச்சுக்குங்க." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி என்றார். கையில் பணம் இல்லாமல் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது.

அப்படி வந்த கணக்குகளில் ஒன்று ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற ஒரு பட்டறை. அதன் சொந்தக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. மகன்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், இங்கே கடை வாடகையும் வருகிறது. ஆனாலும் காலையில் பட்டறையில்தான் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார். அச்சைத் தூக்கினால் ஒரு நிறம் இன்னொன்றில் கலக்காமல் பூ அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த கலவை, பிறகு ஈரக் கலவை, அப்புறம் தண்ணீர்த் தொட்டி. நன்றாக ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி கழன்றுவிடும். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது.

"போதுமேண்ணே, இனி உட்காரலாமே" என்றேன் ஒருநாள்.

"உட்கார்ந்துதானே ஆச்சி பாக்குறேன்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "முன்னாடி அவசர ஆர்டருன்னா ஊறுறதுக்குள்ள எடுத்துக் குடுப்பேன். வட்டி கட்டணும்ல. இப்ப அவசரம்னு வந்தா வேற பட்டறையக் கை காட்டிருவேன். ஊற வேண்டியது ஊறித்தான் போகும்."

அவர் கணக்கைத் திருப்பிப் பார்த்தேன். வியாபாரம் குறைந்திருந்தது, உடைந்து திரும்பிய கல்லும் குறைந்திருந்தது.

வேலையை விடாததற்கு எங்கள் குடும்பக் கதையும் ஒரு காரணம். செட்டியார்கள் பர்மாவில் விவசாயிகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துவந்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக வயல்கள் வந்து சேர்ந்து, 1938 வாக்கில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் சுமார் கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் பலரும் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். அந்த நிலம் பிறகு திரும்பி வரவே இல்லை. எங்கள் ஐயாவும் (தாத்தா) அப்படி வந்தவர்தான். அங்கே வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (கடைநிலை எடுபிடி) சேர்ந்து அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்தவர்) வரை போனவர், வந்த கொஞ்ச நாளில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்தார். சொத்து போனாலும் கணக்கு கையில் இருந்தது. அதனால்தான் பணத்தை ஒரே இடத்தில் போடுவதில்லை, தொழிலையும் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்னும் இலக்கைத் தொடாதவர்கள் இதையும் போட்டுப் பாருங்கள். பிடித்த வேலையில் மாதம் 15,000 வந்தால் வருஷத்துக்கு 1,80,000. 3 சதவீதக் கணக்கில் அது 60 லட்சம் முதலிலிருந்து எடுக்கும் தொகை. அதாவது முழு இலக்கும் சேரும்வரை பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், இலக்குக்கு இன்னும் 60 லட்சம் பாக்கி இருக்கும்போதே நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டைச் சொந்தப் பெயரில் எடுத்துவிடுங்கள். அலுவலகம் கொடுக்கும் காப்பீடு வேலையோடு போய்விடும், வயது ஏறிய பிறகு புதிதாக எடுத்தால் பிரீமியம் கையைக் கடிக்கும்.