புதுப்பிப்பு: அந்தப் பழைய ஸ்கூபா செட்டை வாங்கினேனா?

போன மாதம் கேட்டிருந்தேன்: கடலுக்கடியில் மூச்சுவிட்டு நீந்தும் ஸ்கூபா டைவிங்குக்கு ஆன்லைனில் ஒருவர் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), பிசிடி (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்), அலுமினிய காற்று சிலிண்டர் மூன்றையும் சேர்த்துப் பாதி விலைக்குத் தருகிறார், வாங்கலாமா என்று. படத்தை நம்பாதீங்க, நேரில் பாருங்க என்று பலரும் சொன்னீர்கள். போய்ப் பார்த்தேன்.

ரெகுலேட்டரில் காற்று நுழையும் இடத்தில் ஒரு சின்ன உலோக வடிகட்டி இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சை பூத்திருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த இடத்தை மூடும் டஸ்ட் கேப்பை இறுக்கி மூடிவிட்டு வாயில் வைத்து உறிஞ்சினேன். காற்றே வரக்கூடாது, மெல்ல வந்தது. “ரெண்டு தடவைதாங்க டைவ் பண்ணினேன்” என்றார். சர்வீஸ் ரசீது ஒன்றுகூட இல்லை.

சிலிண்டர்தான் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. தோள்பட்டையில் அமெரிக்க முத்திரை, 1980-களின் தேதி. அந்தக் காலத்து அலுமினிய சிலிண்டர்கள் பல 6351 என்ற உலோகக் கலவையில் செய்தவை. கழுத்து மரைப் பக்கம் மெல்ல விரிசல் விடும். நிரப்பும்போது வெடித்ததும் உண்டு. 200 பார் அழுத்தம், பக்கத்தில் நின்று நிரப்புகிறவர் உயிர் அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிசிடியை மட்டும் வாங்கினேன். ஊதி வைத்து ராத்திரி முழுக்க விட்டேன், காலையிலும் விறைப்பாகவே இருந்தது. பட்டனை அமுக்கினால் பிசிடிக்குள் காற்றை விடும் இன்ஃப்ளேட்டரை மட்டும் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன். பட்டன் அமுங்கியபடி சிக்கினால் ஆளைச் சர்ரென்று மேலே தூக்கிவிடும். ரெகுலேட்டரைப் புதுசாகத்தான் வாங்க வேண்டும், காசு சேரட்டும்.