காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கீச்சென்ற சத்தம்: பெல்ட் மாற்றியும் திரும்பி வந்துவிட்டது

கேட்டவர்:

வணக்கம். என்னுடையது 7 வருடமான பெட்ரோல் கார், மேனுவல் கியர், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் பக்கமிருந்து காதைக் குடைகிற மாதிரி கீச்சென்று ஒரு சத்தம். 20, 30 விநாடிகளில் தானாக அடங்கிவிடுகிறது. அதன் பிறகு நாள் முழுவதும் எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் வருவதில்லை.

போன மாதமும் இதே தொல்லைதான். பணிமனையில் காட்டினேன். பெல்ட்டின் ரப்பர் கெட்டியாகிவிட்டது என்று சொல்லி மாற்றித் தந்தார்கள். இரண்டு வாரம் அமைதியாக இருந்தது, இப்போது மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அதே இடத்தில் கேட்டால், இந்த பெல்ட் சரியில்லை, இன்னொன்று போடலாம் என்கிறார்கள். வாரம் இருமுறை அம்மாவை விடியற்காலையில் சிகிச்சைக்கு அழைத்துப் போவது இந்த வண்டியில்தான். வழியில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பெல்ட்தான் காரணமா, வேறு ஏதாவதா?

முதல் பதில்:

எனக்கும் இப்படி வந்தது. பெல்ட்டுக்கு என்றே ஒரு ஸ்பிரே விற்கிறார்கள். அடித்தேன், உடனே நின்றுவிட்டது. முயன்று பாருங்கள்.

பணிமனையில் வேலை பார்ப்பவர்:

தயவுசெய்து அந்த ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அதில் இருப்பது ஒட்டும் தன்மையுள்ள பசை. சில நாட்களுக்குச் சத்தம் அடங்கும். பிறகு தூசியும் மணலும் அதில் ஒட்டிக்கொண்டு, பெல்ட்டையும், அது ஓடுகிற சக்கரமான புல்லியின் பள்ளங்களையும் தேய்க்கும். அதைவிடப் பெரிய கெடுதல், நோய் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற ஒரே அடையாளத்தை அது மறைத்துவிடுகிறது.

காலையில் மட்டும் ஏன் என்பதைச் சொல்கிறேன். எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இழந்ததை ஈடுகட்ட, எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன், இந்த பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் மின்சாரம் தருகிறது. மின்சாரம் தரத்தர அதைச் சுழற்றுவது கடினமாகும். அதன் புல்லியோ சிறியது, பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கிற பரப்பும் குறைவு. இதோடு குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், இரவுப் பனியின் ஈரமும் படிந்திருக்கும். ஆகவே பெல்ட் முதலில் வழுக்குவது அங்கேதான். பேட்டரி கொஞ்சம் நிரம்பி, ரப்பர் சூடேறியதும் பிடி கிடைத்துவிடுகிறது, சத்தம் அடங்குகிறது.

பெல்ட் வழுக்குகிறது என்பது விளைவு. ஏன் வழுக்குகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை பெல்ட் போட்டாலும் இரண்டு வாரம்தான்.

நாளைக் காலை குளிர்ந்த எஞ்சினில் மூன்று சோதனை செய்யுங்கள். சத்தம் வரும்போதே ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுப் பாருங்கள், கூடுகிறதா? அடுத்து, இது ஒரே இழுப்பான கீச்சொலியா, அல்லது குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு வருகிறதா? கடைசியாக, பெல்ட்டின் வரிகள் இருக்கும் பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் வெறும் தண்ணீர் அடியுங்கள். ஒரு கணம் நின்று மீண்டும் வந்தால், புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். அதிகமானால் வழுக்கல்.

கை, தளர்ந்த உடை, துப்பட்டா எதுவும் பெல்ட்டின் அருகில் போகக் கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுற்றத் தொடங்கும். தனியாகச் செய்யாதீர்கள், இன்னொருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்கட்டும்.

கேட்டவர்:

இன்று காலை தம்பியை உட்காரவைத்துச் செய்தேன். விட்டுவிட்டு அல்ல, ஒரே இழுப்பான சத்தம். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டதும் இன்னும் உரக்க வந்தது. தண்ணீர் அடித்தபோது அலறியேவிட்டது, பயந்து அணைத்துவிட்டோம். பெல்ட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை, புதிதாகவே தெரிகிறது.

பணிமனையில் வேலை பார்ப்பவர்:

அப்படியானால் வழுக்கல்தான். வெடிப்பு இல்லாததை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. பழைய நியோபிரீன் பெல்ட்டுகள் வெடிக்கும். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் டயரைப்போல் தேய்கின்றன, வெடிப்பது அரிது.

புது பெல்ட் வழுக்கினால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தளர்ந்திருக்கும். இல்லையென்றால் பெல்ட்மேல் எண்ணெயோ, எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டோ படுகிறது. பல டென்ஷனர்களில் ஓர் அம்புக்குறியும் இரு கோடுகளும் இருக்கும், அம்பு அந்தக் கோடுகளுக்குள் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று டென்ஷனரின் கையைப் பாருங்கள். லேசாக அசைந்தால் சரி, படபடவென்று துடித்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பெல்ட்டின் உள்பக்கத்தையும் சுற்றியுள்ள இடங்களையும் நிதானமாகப் பாருங்கள். பளபளப்பு, கறை, காய்ந்த பொடி எது தெரிந்தாலும் எழுதுங்கள்.

டீசல் வண்டிக்காரர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் வண்டியிலும் காலையில் கீச்சொலி வந்தது, எல்லோரும் பெல்ட் என்றார்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைச் சற்று மேலே தூக்கினால் சத்தம் சட்டென்று நின்றது. எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் வால்வில் இருக்கிற ரப்பர் சவ்வு கிழிந்து, அதன் வழியே காற்று விசிலடித்திருக்கிறது. பெல்ட்டை மட்டுமே நினைத்துக்கொண்டு நான் இரண்டு மாதம் வீணாக்கினேன்.

பணிமனையில் வேலை பார்ப்பவர்:

நல்ல குறிப்பு, டிப்ஸ்டிக் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இவருடைய சத்தம் தண்ணீருக்கும் ஹெட்லைட்டுக்கும் மாறுகிறது. கிழிந்த சவ்வு அதற்கெல்லாம் மாறாது.

கேட்டவர்:

டென்ஷனர் அம்பு கோடுகளுக்குள்தான் நிற்கிறது, கை துடிக்கவில்லை. ஆனால் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் புல்லிக்குக் கீழே இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்ததுபோல் ஒரு தடம் இறங்கியிருக்கிறது. பெல்ட்டின் ஓரத்திலும் அதே நிறம். கூலன்ட் தொட்டியைத் திறந்து பார்த்தேன், அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. இந்த இரண்டு மாதத்தில் இரண்டு முறை நானே ஊற்றி நிரப்பியிருக்கிறேன். வெயிலில் ஆவியாகிறது என்று நினைத்துவிட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே தோன்றவில்லை.

பணிமனையில் வேலை பார்ப்பவர்:

கிடைத்துவிட்டது. வாட்டர் பம்பின் அச்சைச் சுற்றி, கசியாமல் அடைக்கும் ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் கூலன்ட், அச்சைத் தாங்கும் பேரிங்குக்குள் போகாமல் வெளியேற, பம்பின் உடலிலேயே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். நீங்கள் பார்த்த தடம் அந்தத் துளையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் உலோகமும் சீலும் சுருங்கி, இரவில் கசிகிறது. ஓடிச் சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்கிறது, கசிந்ததும் காய்ந்து பொடியாகிவிடுகிறது. அதனால் தரையில் ஈரம் தெரியாமல் இருந்திருக்கலாம். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வழுவழுப்பானது. அது பட்ட பெல்ட் காலையில் வழுக்காமல் என்ன செய்யும்?

மூடப்பட்ட கூலன்ட் அமைப்பில் அளவு குறைந்துகொண்டே போனால் பெரும்பாலும் எங்கோ கசிவுதான். இதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

உங்கள் வண்டியில் அந்த பெல்ட்தான் பம்பைச் சுழற்றுகிறது. பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து, ஆல்டர்னேட்டரும் கூலன்ட் ஓட்டமும் ஒன்றாக நின்றுவிடும். எஞ்சின் சில நிமிடங்களில் கொதித்துவிடும். இனி அம்மாவை அழைத்துப் போவதற்கு முன் சரிசெய்துவிடுங்கள், அதுவரை வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். பம்போடு பெல்ட்டையும் கட்டாயம் மாற்றுங்கள், கூலன்ட் ஊறிய ரப்பரைத் துடைத்துப் பயன் இல்லை. எல்லாப் புல்லிகளின் பள்ளங்களையும் கழுவிக் காயவைத்த பிறகே புது பெல்ட் ஏற வேண்டும். பேட்டரியையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆல்டர்னேட்டருக்கு அது கூடுதல் சுமை.

கேட்டவர்:

வேறொரு பணிமனையில் நேற்று வேலை முடிந்தது. கழற்றிய பம்பைக் கையில் தந்தார்கள். அச்சை ஆட்டினால் ஆடுகிறது, துளையைச் சுற்றி இளஞ்சிவப்புப் பொடி அடையாக ஒட்டியிருந்தது. பம்ப், பெல்ட், கூலன்ட் எல்லாம் புதிது. புல்லிகளை என் கண்முன்னே கழுவினார்கள். பேட்டரி 12.5 காட்டியது, அதை மாற்றவில்லை.

இன்று காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பின் இருக்கையிலிருந்து அம்மாவே, "என்னப்பா, இன்றைக்குக் கத்தவில்லையே" என்றார். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பணிமனையில் வேலை பார்ப்பவர்:

அம்மா நலமாக இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

புதிதாகச் சேர்ந்தவர்:

எனக்கும் காலையில் இதே மாதிரிக் கீச்சொலி வருகிறது. ஆனால் கிளட்சில் கால் வைத்து லேசாக அழுத்தினாலே நின்றுவிடுகிறது. பெல்ட்டைப் பார்க்கவா?

பணிமனையில் வேலை பார்ப்பவர்:

பெல்ட்டைத் தொட வேண்டாம். லேசாகத் தொட்டாலே நின்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். முழுவதும் மிதித்தால்தான் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸின் முதல் அச்சு பேரிங். எந்த அளவு அழுத்தும்போது நிற்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று எழுதுங்கள்.