கட்டணம் வாங்காத கேஸ்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

வித்யா: எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன். நான் பார் கவுன்சிலில் பதிவு செய்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. சீனியர் ஆபீஸில் இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. வசதி இல்லாதவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் சில கேஸ் பார்க்கலாம் என்று ஆசை. எங்கே போய் ஆரம்பிப்பது?

கார்த்தி: சூப்பர் அக்கா! போஸ்டர் ரெடி பண்ணுகிறேன். 'இலவச சட்ட ஆலோசனை, வழக்கறிஞர் வித்யா', கீழே உன் போன் நம்பர். ராத்திரிக்குள் எல்லா குரூப்பிலும் ஓடும்.

ராஜன் பெரியப்பா: கார்த்தி, கொஞ்சம் பொறு. பார் கவுன்சில் விதி 36 என்று ஒன்று இருக்கிறது. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் பிடிக்கக் கூடாது. இலவசம் என்று எழுதினாலும் பெயரும் நம்பரும் பெரிதாகப் போட்டால், இப்படித்தான் கட்சிக்காரர் பிடிக்கிறாள் என்று ஒருவர் புகார் எழுதிப் போட எவ்வளவு நேரமாகும்?

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா: டேய், எங்கேயும் அனுப்பிவிடவில்லையே?

கார்த்தி: அப்பார்ட்மென்ட் குரூப்பில் மட்டும். எடுத்துவிட்டேன். இரண்டு பேர்தான் பார்த்தார்கள்.

சங்கர் மாமா: வித்யா, இலவசம் என்றதும் ஞாபகம் வந்தது. நம் காம்பவுண்டு சுவரைப் பக்கத்து வீட்டுக்காரன் அரை அடி தள்ளிக் கட்டியிருக்கிறானே, அதற்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடேன்.

ராஜன் பெரியப்பா: சங்கர், இரண்டு வீட்டு வாடகை வாங்குகிறவன் நீ. அவள் கேட்பது வேறு.

சங்கர் மாமா: கேட்டால் என்ன தப்பு!

வித்யா: மாமா, அதை நான் தனியாகப் பார்க்கிறேன். பெரியப்பா, நீங்கள் சொல்லுங்கள்.

ராஜன் பெரியப்பா: சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கோர்ட்டில் உட்கார்ந்து கேஸ் கட்டு கட்டியவன் நான். வக்கீல் இல்லை, சிரஸ்தார்தான், கோர்ட் ஆபீஸின் தலைமை எழுத்தர். ஆனால் இலவச வக்கீல்களில் நல்லவரும் பார்த்திருக்கிறேன், மோசமானவரும் பார்த்திருக்கிறேன்.

ராஜன் பெரியப்பா: நீ தனியாகக் கடை விரிக்க வேண்டியதே இல்லை. அரசியலமைப்பில் 39ஏ பிரிவு 1976-ல் 42-ஆம் திருத்தத்தில் வந்தது. பணமில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது. அதற்காகத்தான் 1987-ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. தேசிய அளவில் ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, கீழே வட்டக் குழு. உன் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் எத்தனை தடவை அந்த போர்டைத் தாண்டிப் போயிருப்பாய்!

வித்யா: தாண்டியிருக்கிறேன். உள்ளே போனதில்லை.

ராஜன் பெரியப்பா: போ. அங்கே செயலாளராக இருப்பவர் நீதித்துறை அதிகாரி. பேனல் வக்கீலாக, அதாவது ஆணைக்குழு கேஸ் கொடுக்கும் வக்கீல்கள் பட்டியலில் சேர, விண்ணப்பம் போடலாம். தொழிலில் மூன்று வருடமாவது இருக்க வேண்டும் என்பது தேசிய ஆணைக்குழுவின் 2010 ஒழுங்குமுறை, அது உனக்கு ஆகிவிட்டது. கேஸுக்கு ஆணைக்குழு ஒரு தொகை கொடுக்கும், பெரிதாக எதிர்பார்க்காதே. கட்சிக்காரரிடம் நயா பைசா வாங்கக் கூடாது. குமாஸ்தாவுக்கு, ஜெராக்ஸுக்கு என்று வாங்கினாலும் பேனலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அனு: அக்கா, அந்தத் தொகையும் வேண்டாம், முழுக்க இலவசமாகத்தான் செய்வேன் என்றால் மத்திய சட்ட அமைச்சகத்தின் நியாய பந்து திட்டம் இருக்கிறது. 2017-ல் ஆரம்பித்தது. வக்கீல்கள் தாங்களாகப் பதிவு செய்கிறார்கள், உதவி கேட்பவர்களை அவர்களோடு இணைக்கிறார்கள். மொபைல் செயலியும் உண்டு. எங்கள் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

மீனா அத்தை: எல்லாம் சரி, யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாமா? பணக்காரன் போய் நின்றால்?

வித்யா: பெரியப்பா சொன்ன 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது அத்தை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், கடத்தலுக்கும் கொத்தடிமை வேலைக்கும் ஆளானவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள். பெண்களும் குழந்தைகளும் எல்லோருமே. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்குத்தான் வரம்பு, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மீனா அத்தை: பெண் என்றால் போதுமா? வருமானம் பார்க்க மாட்டார்களா?

வித்யா: சட்டத்தில் பெண் அல்லது குழந்தை என்றுதான் இருக்கிறது.

மீனா அத்தை: இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன், இது எனக்கே தெரியாது. எங்கள் தெருவில் எத்தனை பெண்கள் நகையை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்தார்கள் தெரியுமா.

ராஜன் பெரியப்பா: 15100 என்ற நம்பரைப் போனில் போட்டு வைத்துக்கொள் மீனா. தேசிய ஆணைக்குழுவின் உதவி எண்.

கார்த்தி: பெரியப்பா, ஒரு சந்தேகம். அரசே வக்கீல் கொடுக்கும்போது அக்கா எதற்கு? ஆள் பற்றாக்குறையா?

ராஜன் பெரியப்பா: ஆள் இருப்பார்கள். வாய்தா அன்று இருக்க மாட்டார்கள். இதுதான் வித்யாவிடம் சொல்ல வந்தது. கோர்ட்டில் பேர் கூப்பிடுவார்கள், கட்சிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்பார், 'வக்கீல் எங்கே' என்று நீதிபதி கேட்பார். 'வருவார்னு சொன்னாங்க ஐயா' என்பார். பத்து மணிக்குக் காசு கொடுத்த கேஸ் வேறு கோர்ட்டில் இருந்தால் வக்கீல் அங்கே போய்விடுவார். இலவசக் கேஸ்தானே, அடுத்த வாய்தாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று. இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. டைரியில் அந்தக் கேஸைப் பென்சிலில் எழுதுவார்கள், அவ்வளவுதான்.

வித்யா: எங்கள் ஆபீஸிலும் நடக்கிறது. மறுக்கவில்லை.

ராஜன் பெரியப்பா: அதனால் பத்துக் கேஸ் எடுக்காதே. ஒன்று எடு. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது மற்ற கேஸ் மாதிரிதான். விதி 46 படித்திருப்பாய். ஏழைக்கு இலவசமாக உதவுவது வக்கீல் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது. அதே விதியில் 'வக்கீலின் பொருளாதார நிலைக்கு உட்பட்டு' என்றும் இருக்கிறது. எழுதினவர்களுக்கு ஜூனியர் வக்கீலின் மாதச் சம்பளம் தெரிந்திருக்கிறது.

அனு: ஹா ஹா. பெரியப்பா, சிறையைப் பற்றிச் சொல்லவே இல்லையே.

ராஜன் பெரியப்பா: நீ சொல். போன மாதம் நீதானே போய் வந்தாய்.

அனு: கல்லூரியின் சட்ட உதவி மையத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வக்கீல் உட்கார்ந்து விசாரணைக் கைதிகளிடம் ஒவ்வொருவராகப் பேசினார், நான் பக்கத்தில் குறிப்பெடுத்தேன். ஒருவர் வந்தார். கேஸ் நம்பர் தெரியாது, என்ன பிரிவு என்று தெரியாது. நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். அதில் ஸ்டேஷன் பேரும் அடுத்த வாய்தா தேதியும் மட்டும் இருந்தது. அவருடைய பேர்

ராஜன் பெரியப்பா: அனு, பேர், ஊர் எதையும் இங்கே போடாதே.

அனு: போடவில்லை பெரியப்பா. வெளியே வந்து இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷனை வைத்துத் தேடினோம். வக்கீல் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு ஜாமீன் எப்போதோ கிடைத்துவிட்டது! ஜாமீன்தாரர் கொண்டுவர ஆளில்லை, அதனால் உள்ளேயே இருக்கிறார். ஜாமீன் கிடைத்தது என்பதே அவருக்குத் தெரியாது.

மீனா அத்தை: ஐயோ கடவுளே.

ராஜன் பெரியப்பா: இது ரொம்பச் சாதாரணம். எங்கள் ஆபீஸில் அப்படிப்பட்ட கட்டுகள் அலமாரியில் சும்மா கிடக்கும். உத்தரவில் இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு என்று இருக்கும். வேறு மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன் இங்கே ரத்த உறவுக்கு எங்கே போவான்?

வித்யா: இதற்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றைக்கோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் வெளியே வரவில்லை என்றால் சிறை அதிகாரி மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் கட்ட முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே எடுத்துப் பார்க்கலாம்.

அனு: அந்த வக்கீலும் அதைத்தான் சொன்னார். நிபந்தனையைத் தளர்த்தக் கோரி இரண்டு பக்க மனு. பெரிய வாதம் எதுவும் இல்லை.

ராஜன் பெரியப்பா: பார்த்தாயா வித்யா. இரண்டு பக்க மனு. இதற்கு மேதாவி வேண்டாம், உட்கார்ந்து விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். அதோடு பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், 479-ஆம் பிரிவையும் கையில் வைத்துக்கொள். அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் உள்ளே கழித்தவருக்கு ஜாமீன், இதற்கு முன் எந்தக் கேஸிலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பொருந்தாது. வேறு கேஸ் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

வித்யா: பல மாவட்டங்களில் இப்போது கிரிமினல் கேஸுக்கென்று முழுநேரச் சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல்கள் இருக்கிறார்களே. அப்படியானால் பேனலில் எனக்குக் கிரிமினல் கொடுப்பார்களா?

ராஜன் பெரியப்பா: அவர்கள் இருக்கும் இடத்தில் விசாரணை பெரும்பாலும் அவர்களிடம்தான் போகும். உனக்குக் குடும்பக் கோர்ட், சிவில், சிறையில் இருக்கும் சட்ட உதவி மையத்தில் உட்காருவது இவை வரலாம். விண்ணப்பத்தில் எல்லாத் துறையையும் டிக் அடிக்காதே. தெரிந்ததை மட்டும் அடி.

சங்கர் மாமா: குற்றம் செய்தவனுக்கு எதற்கு இவ்வளவு பாடு? வக்கீல் வேண்டும் என்று அவன் கேட்டானா?

வித்யா: மாமா, அவர் குற்றம் செய்தாரா என்பதே இன்னும் தீர்ப்பாகவில்லை. கேட்க வேண்டும் என்பதும் இல்லை. சுக் தாஸ் வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு இலவச உதவி உண்டு என்று சொல்லாமலேயே விசாரணை நடத்தித் தண்டித்தார்கள். அவர் கேட்கவில்லை என்ற வாதம் எடுபடவில்லை, தண்டனை ரத்தாகிவிட்டது.

சங்கர் மாமா: சரி சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

மீனா அத்தை: வித்யா, என் பழைய சக ஆசிரியை ஒருவர். மகன் பேருக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அவன் பார்ப்பதில்லை. 'பத்திரம் பதிந்தாகிவிட்டது, இனி ஒன்றும் பண்ண முடியாது' என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அழுகிறார்.

வித்யா: அவசரப்பட்டு முடியாது என்று சொல்ல வேண்டாம் அத்தை. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்து, வாங்கியவர் பார்க்கவில்லை என்றால் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். நிபந்தனை எப்படி இருக்க வேண்டும் என்பதில் உச்ச நீதிமன்றம் 2022-ல் கொஞ்சம் இறுக்கமாகவும் 2025-ல் தாராளமாகவும் சொல்லியிருக்கிறது. அதனால் பத்திரத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். போட்டோ எடுத்து இங்கே போடச் சொல்லாதீர்கள், நேரில் வரச் சொல்லுங்கள்.

மீனா அத்தை: நீயே ஆஜராவாயா?

வித்யா: அங்கேதான் ஒரு வேடிக்கை. அந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. சில உயர் நீதிமன்றங்கள் ஆஜராகலாம் என்றிருக்கின்றன. எதுவானாலும் மனுவை ஒழுங்காக எழுதிக் கொடுக்கலாம், அங்கே என்ன கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுக்கலாம். அவருக்கு அதுதான் இப்போது தேவை.

மீனா அத்தை: இதெல்லாம் கேட்டால் எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது. நான் வக்கீல் இல்லையே.

ராஜன் பெரியப்பா: மீனா, உன் மாதிரி ஆளைத்தான் தேடுகிறார்கள். சட்டம் சார்ந்த தன்னார்வலர் என்று 2009-லிருந்து திட்டம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சட்ட மாணவர்கள் எல்லோரும் சேரலாம். நன்னடத்தையுள்ள, படித்த நீண்ட காலக் கைதிகளைக் கூடச் சேர்க்கிறார்கள். பயிற்சி கொடுப்பார்கள். மனு எழுத உதவுவது, சரியான ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போவது, இதுதான் வேலை. கோர்ட்டில் வாதாட முடியாது.

அனு: அத்தை பேசினால் அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

மீனா அத்தை: நிற்கட்டும்.

வித்யா: பெரியப்பா, கேஸைச் சமரசமாக முடிக்கும் லோக் அதாலத்தில் உட்காரலாமா?

ராஜன் பெரியப்பா: உட்காரலாம், வக்கீலை உறுப்பினராகப் போடுவார்கள். ஆனால் எனக்கு அதைவிட, சமரசத்துக்கு வரும் கட்சிக்காரரின் பக்கத்தில் நீ நிற்பதுதான் முக்கியம். அங்கே சமரசமாகி வரும் அவார்டுக்கு, அதாவது அந்த முடிவுக்கு, அப்பீல் கிடையாது. கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பேங்க் கடன் கேஸில் தொகையைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் எங்கள் ஆபீஸுக்கு வந்து நிற்பார்கள்.

வித்யா: எங்கள் சீனியர் ஒரு பேங்குக்கு ஆஜராகிறார். அதுவும் யோசிக்க வேண்டும்.

ராஜன் பெரியப்பா: கட்டாயம். எதிர்த்தரப்பு யார் என்று முதலில் பார். உங்கள் ஆபீஸ் கட்சிக்காரர் என்றால் கேஸ் விவரத்தைக் கேட்பதற்கு முன்பே வேறு வக்கீலிடம் அனுப்பிவிடு. சீனியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. வாய்தா மோதினால் இலவசக் கேஸுக்கும் ஆள் அனுப்ப வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்.

வித்யா: நாளைக்கே பேசுகிறேன். திங்கட்கிழமை பதிவுச் சான்று நகலோடு ஆணைக்குழு ஆபீஸுக்குப் போகிறேன். அத்தை, உங்களுக்கும் படிவம் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

கார்த்தி: எனக்கு ஒன்றும் இல்லையா? போஸ்டரும் கூடாது என்கிறீர்கள்.

அனு: கார்த்தி, நீ ஆபீஸில் ஒடியாக்காரர்களோடு சேர்ந்து ஒடியா கற்றுக்கொண்டாய் இல்லையா? அன்றைக்குச் சிறையில் மூன்று பேரிடம் எங்களால் பேசவே முடியவில்லை. சைகையில்தான் கேட்டோம்.

ராஜன் பெரியப்பா: நல்ல யோசனை. மொழிபெயர்க்க ஆள் தேவையா என்று வித்யா செயலாளரிடம் கேட்கட்டும், அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஆனால் கார்த்தி, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், தெரியுமா?

கார்த்தி: எவ்வளவு நேரத்துக்கு?