பிறந்தநாள் விழாவில் ஜெல்லி மிட்டாய் நீட்டினால் குழந்தை எப்படி மறுப்பது?

கேள்வி:
மதக் காரணத்தால அசைவம் தொடாத குடும்பம். பையனுக்கு எட்டு வயசு. விழாக்கள்ல ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ வந்தா தடுமாறுறான். வேண்டாம்னா கிண்டல், வாங்கிட்டா வீட்டுல சொல்லப் பயம். எப்படிப் பழக்குறது?

பதில் 1:
"அசைவம் வேண்டாம்"னு மட்டும் சொன்னா மிட்டாயில அது எங்க இருக்குன்னு குழந்தைக்குத் தெரியாது. உறையில தேட வேண்டிய ரெண்டு பெயரைச் சொல்லிக்கொடுங்க. ஜெலட்டின்: பெரும்பாலும் பன்றி, மாட்டோட தோல், எலும்புல இருந்து எடுக்கிறது. கார்மைன், உறையில சேர்க்கைப் பொருளுக்குப் போடுற எண் 120: பூச்சியில இருந்து வர்ற சிவப்பு நிறம். அதே மாதிரி எண் 904 அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின், மிட்டாய்க்குப் பளபளப்பு தரும். அது சரியா தப்பான்னு பெரியவங்க முதல்லயே முடிவு பண்ணிடணும். 471 கொழுப்புல இருந்து செய்யுற சேர்க்கை; தாவரமாவும் இருக்கலாம், விலங்காவும் இருக்கலாம், எண்ணை வச்சுச் சொல்ல முடியாது. ஜெலட்டினுக்குப் பதிலா சேர்க்கிற பெக்டின் (440), அகர் (406) ரெண்டும் தாவரம்தான். காலி உறைகளைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்க, விளையாட்டு மாதிரி பழகிடும்.

பதில் 2:
லேபிள் தெரிஞ்சாலும் வாய் வராதே, அதுதான் சிக்கல். ஒரே வாக்கியம் போதும்: "நாங்க இது சாப்பிடுறதில்ல, தேங்க்ஸ்." வீட்டுல நீங்க நண்பனா நடிங்க. "ஒண்ணே ஒண்ணுடா, யாருக்கும் தெரியாது"ன்னு மூணு தடவை வற்புறுத்துங்க. மூணு தடவையும் அதே வாக்கியம்தான் வரணும். காரணம் அடுக்க ஆரம்பிச்சா விவாதம் ஆயிடும். "சாப்பிட்டா பாவம்"னு மத்த பிள்ளைங்ககிட்ட சொல்லவே கூடாது, சண்டை அங்கதான் தொடங்கும்.

அலர்ஜின்னு பொய் சொல்லச் சொல்றவங்க உண்டு. வேண்டாம். விழா வீட்டுக்காரங்க நிஜமான அலர்ஜின்னு பதறுவாங்க. பிள்ளையும் பொய்யைத்தான் கத்துக்கும்.

கேள்வி கேட்டவர்:
உறையே இல்லாம தட்டுல கொட்டி வச்சா?

பதில் 3:
உறை இல்லன்னா தொட வேண்டாம், எட்டு வயசுக்கு அந்த ஒரு விதி போதும். முதல் நாளே விழா வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு, பெக்டின்ல செஞ்ச மிட்டாயை ஒரு டப்பால கொடுத்தனுப்புங்க. கையில எதுவும் இல்லாம நிக்கிற பிள்ளைதான் சீக்கிரம் தளரும். பரிசுப் பையை வீட்டுக்கு வந்து பிரிக்கட்டும்; ஆகாததுக்குப் பதிலா ஆகுறது ஒண்ணைக் கொடுங்க.

தெரியாம சாப்பிட்டுட்டா திட்டாதீங்க. திட்டினா அடுத்த தடவை மறைப்பான், அவ்வளவுதான். மருந்துக்கு மட்டும் இந்த விதி வேண்டாம்: நிறைய கேப்சூல் உறை ஜெலட்டின்தான். குழந்தையே மறுக்க விடாம, சிரப் இருக்கான்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.