கிட்டப்பார்வைக் கண்ணாடியில் மூட்டிய தீ: புனைவில் அறிவியல் பிழை பொறுக்கத்தக்கதா?

குழிவில்லை:
வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எடுத்தேன், பாதியில் மூடிவிட்டேன். ஆளில்லாத தீவில் சிக்கிய சிறுவர்கள், பிக்கி என்பவனின் மூக்குக்கண்ணாடியை வெயிலில் பிடித்துத் தீ மூட்டுகிறார்கள். அவனுக்குக் கிட்டப்பார்வை என்பதை நாவலே சொல்கிறது. கிட்டப்பார்வைக்கு அணிவது குழிவில்லை. அது ஒளியை விரிக்குமே தவிரக் குவிக்காது. எனக்கும் சிறுவயது முதலே கிட்டப்பார்வைதான். பள்ளி நாட்களில் என் கண்ணாடியைக் கழற்றி, ஒரு செய்தித்தாள் துண்டின் மேல் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நடுவே மங்கலான நிழலும், அதைச் சுற்றி மெல்லிய வெளிச்ச வளையமும் விழுந்தன. கண்ணாடியை உயர்த்த உயர்த்த வளையம் அகன்றதே ஒழிய, ஒரு புள்ளியாகச் சுருங்கவே இல்லை.

ஓரத்தில் கிடக்கும் பிழையாக இருந்தால் கடந்து போயிருப்பேன். ஆனால் தீ வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கண்ணாடி திருடப்படுகிறது. அதைத் திரும்பக் கேட்கப் போன இடத்தில்தான் பிக்கி சாகிறான். கதையின் அச்சாணியே நடக்க முடியாத ஒன்று என்று தெரிந்த பிறகு எப்படி ஒன்றிப் படிப்பது?

நிலாமுற்றம்:
ஒரு கேள்வி. சோதனையைச் செய்தது பள்ளி நாட்களில் என்கிறீர்கள். நாவலை முதலில் படித்தது அதற்குப் பின்னர்தானே? அப்போது இந்தப் பிழை உங்களை உறுத்தியதா? உறுத்தவில்லை என்றால், உங்கள் கையே கண்டறிந்த உண்மையையும் மறக்கச் செய்து கதை உங்களை இழுத்துச் சென்றிருக்கிறது. அதைக் கதையின் வெற்றி என்றுதான் நான் சொல்வேன்.

ஜூல் வெர்ன் 1865இல் நிலவுக்கு ஆள் அனுப்பியது பீரங்கியால். அதன் குழல் நீளம் 900 அடி, அதாவது ஏறத்தாழ 274 மீட்டர். புவியீர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான நொடிக்கு 11.2 கி.மீ. வேகத்தை அந்த நீளத்துக்குள் எட்டுவதானால், உள்ளே இருப்பவர்களின் எடை இருபதாயிரம் மடங்குக்கு மேல் கூடியது போல் அழுத்தும். அதிர்ச்சியைத் தாங்க வெர்ன் அடியில் தண்ணீர் மெத்தை வைத்திருந்தார், பாவம். ஆனாலும் அந்த நாவல் இன்றும் படிக்கப்படுகிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று நக்கீரர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கேள்வியும் இதே வழக்குத்தான். ‘கொங்குதேர் வாழ்க்கை’ பாட்டில் தும்பியிடம் பேசுகிறவன் காதலன்; அவன் ஆய்வறிக்கை வாசிக்கவில்லை.

குழிவில்லை:
முதல் முறை உறுத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நக்கீரர் இங்கே உங்களுக்கு உதவ மாட்டார். காதலன் மிகைப்படுத்தினால் அது பாத்திரத்தின் கூற்று, அவன் மயக்கத்துக்குச் சான்று. குழிவில்லையில் தீப்பற்றுவதோ யாருடைய கூற்றும் அன்று. ஆசிரியர் தம் பொறுப்பில் நம் கண்முன் நிகழ்த்திக் காட்டுவது. மயக்கம் அவருடையதாகிவிடுகிறது.

ஓரக்குறிப்பு:
இருவரும் பிழையைச் சகிப்பதா வேண்டாமா என்றே பேசுகிறீர்கள். பிழையைத் தேடிப் பிடிப்பதிலேயே இன்பம் காணும் என் போன்றவர்களை மறந்துவிட்டீர்கள். லாரி நிவென் 1970இல் எழுதிய ‘ரிங்வேர்ல்டு’ நாவலின் முதற்பதிப்பில், கதைநாயகன் தன் பிறந்தநாளை நீட்டிக்க உலகைச் சுற்றிக் கிழக்கு நோக்கித் தாவித் தாவிப் போகிறான். மேற்கே போனால்தான் நாள் நீளும். அடுத்த அச்சில் திருத்தினார்கள். திருத்தப்படாத முதற்பதிப்பைச் சேகரிப்போர் இன்றும் தேடுகிறார்கள். ஒரு விண்மீனைச் சுற்றிய அந்தப் பிரமாண்ட வளையம் நிலையாக நிற்காது, சற்றே நகர்ந்தாலும் மேலும் மேலும் விலகி மோதிவிடும் என்று 1971 அறிவியல் புனைகதை மாநாட்டில் மாணவர்கள் முழக்கமிட்டார்கள். நிவென் 1980இல் எழுதிய தொடர்ச்சி நாவலில் அந்தச் சிக்கலையே கருவாக்கி, வளையத்தை நிலைநிறுத்தும் உந்துபொறிகளைச் சேர்த்தார். பிழை இல்லையென்றால் அந்த இரண்டாம் நாவல் அப்படி அமைந்திருக்காது.

தெரிந்தே செய்யும் பிழையும் உண்டு. ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ மணிக்கு 175 கி.மீ. புயலோடு தொடங்குகிறது. செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அந்தப் புயல், இங்கே மணிக்கு இருபது கி.மீ.-க்குச் சற்று மேல் வீசும் காற்றின் அளவுக்குத்தான் தள்ளும், தொப்பி பறக்கலாம். இதைத் தாம் அறிந்தே எழுதியதாக வியர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் ஒரே ஒரு பொய்யை வாங்கிக்கொண்டு, உள்ளே கணக்கை ஒழுங்காகக் கொடுக்கிறார். எனக்கு அதில் வருத்தமில்லை.

இரவுப்பணி:
நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். உங்கள் வளையங்களும் பீரங்கிகளும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. ஆனால் திரையில் இதயத்துடிப்பு நேர்கோடாகிறது, மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுக்கிறார், நோயாளி மூச்சை இழுத்துக்கொண்டு எழுகிறார் என்று ஒரு நாவலில் வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். தாறுமாறாக நடுங்கும் இதயத்தின் குழப்பத்தை நிறுத்தி, அது தன் தாளத்தைத் தானே பிடிக்க இடம் கொடுப்பதற்குத்தான் அந்தக் கருவி. நேர்கோடு என்றால் நிறுத்துவதற்கு அங்கே எந்த மின்னோட்டமும் இல்லை. அப்போது செய்வது மார்பை அழுத்துவதும் அட்ரினலின் கொடுப்பதும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். விலா எலும்பு நெறிபடுவது உள்ளங்கைக்குத் தெரியும்; நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிடத்தில் கை தளரும், அடுத்தவர் ஏறிக்கொள்வார். யாரோ ஒருவர் உரக்க நேரம் சொல்லிக்கொண்டிருப்பார்.

என் குறை, எழுத்தாளருக்கு மருத்துவம் தெரியவில்லை என்பதன்று. இந்த அறையை அவர் பார்க்கவில்லை; வேறு கதைகளில் பார்த்ததைத் திருப்பி எழுதியிருக்கிறார். உண்மை அவர் எழுதியதைவிட நாடகத்தன்மை மிக்கது. அது அவர் கைக்கு எட்டவில்லை.

நிலாமுற்றம்:
மதிப்புக்குரிய வாதம்தான். ஆனால் வாசகர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தொழிலில் விவரம் தெரிந்தவர். மாலுமி கடற்கதையை மூடுவார், வழக்கறிஞர் நீதிமன்றக் காட்சியை மூடுவார். எல்லாருக்கும் பிழையின்றி எழுத வேண்டுமென்றால் யார்தான் எழுதுவது?

இரவுப்பணி:
மந்திரம் சொல்லி இறந்தவனை எழுப்பும் கதையை நான் கண்ணீரோடு படித்திருக்கிறேன். அங்கே எவரும் என் அறைக்குள் வந்து நிற்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. திரையும் ஊசியும் மருந்தின் பெயருமாக என் அறையைக் கட்டிக் காட்டுகிறவரிடம்தான் கேட்கிறேன்.

ஓரக்குறிப்பு:
அப்படிப் பார்த்தால் கோல்டிங் தப்பிவிடுகிறார். கழற்றினால் எதிரில் நிற்பவன் தெரியாமல் போகும் அந்தத் தடுமாற்றத்தை அவர் நன்றாகவே பார்த்து எழுதியிருக்கிறார். வில்லையைத்தான் பார்க்கவில்லை.

குழிவில்லை:
நேற்றிரவு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஒரு பக்க வில்லை உடைந்து, மிஞ்சிய ஒன்றோடு பிக்கி நடமாடும் பகுதியில் இருக்கிறேன். கண்ணாடி இல்லாத காலைகளை அறிந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பதற்றம் பொய்யில்லை. கடுமையான தூரப்பார்வைக் குறைபாடு உள்ளவனும் இப்படித்தான் தடுமாறுவான். அவன் அணிவதோ குவிவில்லை, அதில் தீயும் பிடிக்கும். கிட்டப்பார்வை என்று வரும் இடத்தில் பென்சிலால் அடித்து, ஓரத்தில் ‘தூரப்பார்வை’ என்று எழுதிவிட்டு மேலே படித்துக்கொண்டிருக்கிறேன்.